உப்பளத்து வெயிலில் எடுத்த கண்ணளவு

சுப்ராயன் திரௌபதி அம்மாள், 1956–2017. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை செய்தவர். 2006 முதல் ஐந்தாண்டுகள் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத திரௌபதி எழுத்தைக் கற்றது முப்பத்தாறாம் வயதில், அறிவொளி வகுப்பில். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மாலைதோறும் நடந்த அந்த வகுப்பில் அவரோடு சேர்ந்தவர்கள் பலர். தம் பெயரைப் போடத் தெரிந்ததும் பாதிப்பேர் நின்றுகொண்டார்கள். திரௌபதி நிற்கவில்லை. பேருந்தின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர், தீப்பெட்டியின் முதுகு, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படித்தார். கூட நடக்கிறவர்களுக்குச் சில நாள் சலிப்பாகக்கூட இருந்தது.

உப்பளத்தில் வேலை விடியுமுன் தொடங்கி உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிடும். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் குவித்தபின், வீடு திரும்புமுன் பெண்கள் கீற்றுக் கொட்டகையில் சற்று நேரம் காலாறுவார்கள். அப்போது திரௌபதி செய்தித்தாள் படிப்பார். அவருடைய கணவர் சுப்ராயன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். டீக்கடையில் எல்லாரும் புரட்டி முடித்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுப்பார். திரௌபதி வரிக்கு அடியில் விரலை ஓட்டியபடி, அடுத்த பாத்திக்காரிக்கும் கேட்கிற குரலில் படிப்பார். கொலையும் கல்யாணமும் தங்கத்தின் விலையும் ஒரே குரலில்தான் வரும். 'பேப்பரம்மா' என்று உப்பளம் அவரை அழைக்கத் தொடங்கியது. காதிலும் கழுத்திலும் பெரிதாக ஒன்றும் போட்டுப் பழகாத அவருக்கு அந்தப் பெயர்தான் நகை.

2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த நகைக்கு ஆபத்து வந்தது. வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தால் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் ஊர்ந்தன. மறுநாள் உச்சியில் கொட்டகையில் அதே தாளைப் பிரித்தால் அத்தனை எழுத்தும் மணிமணியாக நின்றது.

திரௌபதி இதை நிதானமாக யோசித்துப் பார்த்தார். கண் கெட்டிருந்தால் இரண்டு இடத்திலும் கெட்டிருக்க வேண்டும். உப்பளத்தில் நல்ல கண்ணாக இருப்பது வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போகுமா? ஆகவே கோளாறு கண்ணில் இல்லை. அவருடைய மாமியார் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக மறந்தவர். கடைக்குட்டியின் பெயர்தான் முதலில் போயிற்று. மூத்தவன் பெயர் சாகும்வரை இருந்தது. கடைசியாக வந்தது முதலில் போகும் என்பதைத் திரௌபதி பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். அவரிடம் கடைசியாக வந்து சேர்ந்தது எழுத்து. உப்பளத்தில் பழக்கத்தால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வீட்டில் விட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டினார். ஒருவரிடமும் சொல்லவில்லை. கொட்டகையில் மட்டும், தம்மை அறியாமலே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, நிழலின் விளிம்பில், உப்புக் குவியலைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தார்.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில், தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் பேசுவதற்காகப் பேருந்து நிலையத்தருகே மணிகண்டனின் கடைக்குப் போனார். ஒரு மூலையில் தொலைபேசியும் மறு மூலையில் இரண்டு கணினியும் வைத்து, வெளியே 'பிரவுசிங் சென்டர்' என்று பலகை மாட்டியிருந்தவன் மணிகண்டன். திரௌபதி மகளின் எண் எழுதிய சீட்டைக் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பதை அவன் கவனித்தான்.

"யக்கா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிச்சீங்கன்னா சீட்டு பாண்டிச்சேரி போயிடும். ஒரு கண்ணாடி போடக் கூடாதா?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லப்பா. அளத்துல பொடி எழுத்துகூட படிக்கிறேன்."

"அளத்துல படிக்கிறீங்க. இங்க?"

திரௌபதி சீட்டை அவனிடமே நீட்டினார்.

"கண்ணு டெஸ்ட் பண்றதுக்கு கேம்ப் போடுவாங்க, அப்பப் போயிட்டு வாங்க."

"எங்க அக்கா அப்படித்தான் சும்மா காட்டிட்டு வரலாம்னு போச்சு. கண்ணைக் கட்டிப் படுக்க வெச்சிட்டாங்க. எனக்கு வேணாம்பா."

மணிகண்டன் விடவில்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவன் அதைக் காட்ட ஆள் கிடைத்தால் எப்படி விடுவான்? படிக்கிற கண்ணாடியைச் சென்னையில் ஒரு கம்பெனி நெட்டிலேயே விற்கிறது என்றான். டாக்டர் வேண்டாம். அவர்கள் கொடுக்கும் ஒரு பக்கத்தை அச்செடுத்து, முழங்கை நீளத்தில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் வரிகளில் எதுவரைக்கும் தெரிகிறது என்று சொன்னால் போதும். அந்த அளவுக்கு ஒரு கண்ணாடி தபாலில் வந்துவிடும், தபால்காரரிடம் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

"உள்ள இருக்கிறது என்னன்னு வெளியில தெரியுமா?"

"பெட்டிக்கா அது. போஸ்ட்மேனுக்கே தெரியாது."

அந்தப் பதில்தான் திரௌபதியை அசைத்தது. போட்டுப் பார்ப்போம், பயன்பட்டால் சரி, இல்லாவிட்டால் இல்லை, எப்படியும் ஊருக்குத் தெரியப்போவதில்லை. மணிகண்டன் அச்செடுத்த தாளை நான்காக மடித்து வாங்கிக்கொண்டார். "நல்ல வெளிச்சத்துல வெச்சுப் பாக்கணும்னு போட்டிருக்குதுக்கா. அத மட்டும் மறந்துடாதீங்க" என்று அவன் சொல்லியனுப்பினான்.

நல்ல வெளிச்சம் என்றால் மரக்காணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் வேறெங்கே போவார்? மறுநாள் பெண்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு திரௌபதி வரப்பின்மேல் உட்கார்ந்தார். தலைக்கு மேலே உச்சி வெயில், எதிரே புது உப்பின் குவியல், இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பாத்திகள். முழங்கையை மடித்துத் தூரம் பார்த்துக்கொண்டு தாளைப் பிடித்தார். பரீட்சைக்கு உட்கார்ந்தவர்போல் மேல்வரியிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்தின வரிவரையில் தங்குதடையின்றி வந்தது. பாஸ் பண்ணிவிட்ட மகிழ்ச்சியோடு மணிகண்டனிடம் போய்ச் சொன்னார். அவனும் அதை அப்படியே கணினியில் தட்டினான்.

ஆவணியில் கண்ணாடி வந்தது. சுப்ராயன் இல்லாத ஒரு மாலையில் விளக்கடியில் மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார். எறும்புகள் அப்படியே இருந்தன. சற்றுத் தடித்த எறும்புகள், அவ்வளவுதான். மறுநாள் உப்பளத்தில் யாரும் பார்க்காதபோது போட்டுப் பார்த்தார். எல்லாம் தெரிந்தது. போடாமலே தெரிகிற இடத்தில் போட்டாலும் தெரிந்தது.

கண்ணாடி போட்டும் சரியாகவில்லையென்றால் இனிச் சந்தேகத்துக்கே இடமில்லை. எழுத்துதான் போய்க்கொண்டிருக்கிறது. திரௌபதி கண்ணாடியைப் பெட்டியின் அடியில், கூறைப்புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

அந்த வேளையில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். உப்பளத்துப் பெண்கள் கூடிப் பேசி, "பேப்பரம்மா நிக்கட்டும், எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு" என்று வந்து நின்றார்கள். திரௌபதி முடியாது என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டவர்களுக்கு இடுப்பு வலி என்றார்.

"உனக்கு எப்ப வந்துது இடுப்பு வலி? மூட்டை தூக்குற எனக்கே வரல" என்றார் சுப்ராயன்.

இடுப்பு வலியைத் தீர்த்துவைத்தவர் சக்கரபாணி. அதுவரை வார்டு உறுப்பினராக இருந்தவர். இந்த முறை தம் மனைவியை நிறுத்தியிருந்தார். பேருந்து நிறுத்தத்தில், திரௌபதி நிற்பது தெரிந்தே, பக்கத்திலிருந்தவரிடம் சத்தமாகப் பேசினார்.

"உப்பு வார்றவங்களுக்கு வார்டு எதுக்குப்பா? பதவியேற்பு அன்னைக்கு உறுதிமொழியப் படின்னா கட்டைவிரலத்தான் நீட்டும்."

திரௌபதி திரும்பினார். "நான் நிக்கிறேன். ஜெயிச்சா, அதிகாரி சொல்லித் தர்றதுக்கு முன்னாடி நானே படிக்கிறேன். நீ வந்து முன்னாடி நின்னு கேளு."

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அக்டோபர் கடைசியில் பதவியேற்பு. அதுவரை எழுத்து தங்குமா? மழைக்காலம் தொடங்கினால் உப்பளமும் கிடையாது. ஊர் முழுக்கப் பார்க்க, தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மூடி நிற்கும் தம் உருவம் கண்முன் வந்தது. கடைசி முயற்சியாகப் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு மணிகண்டன் கடைக்குப் போனார்.

"வாங்கின எடத்துல கேட்டுப் பாக்கலாம் மணி."

கண்ணாடிப் பெட்டியில் வாடிக்கையாளர் சேவை எண் இருந்தது. மணிகண்டன் எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் சொன்ன எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்தி, பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும் ரிசீவரைக் கொடுத்தான். பாட்டு முடிவதாக இல்லை. "கண்ணாடிக் கம்பெனியா, கச்சேரியா?" என்று திரௌபதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆண்குரல் வந்தது.

"சொல்லுங்க மேடம், உங்க பிரச்சனை என்ன?"

"கண்ணாடி வெளியில வேலை செய்யுது. வீட்டுக்குள்ள செய்யல."

"மேடம், அதுல சுவிட்ச் எதுவும் கிடையாது."

"அது எனக்கும் தெரியுதுப்பா."

"நீங்க குடுத்த அளவுக்குத்தான் லென்ஸ் போட்டிருக்கோம். அளவு தப்பா இருந்தா கம்பெனி பொறுப்பு இல்ல மேடம்."

"அளவு தப்பில்ல. கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படிச்சேன்."

"அப்போ கண்ணாடியும் தப்பில்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"மொத உதவியே நீ இன்னும் செய்யலயே."

இணைப்பு அறுந்தது. மணிகண்டனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

சில நாள் கழித்துத் திரௌபதி மீண்டும் வந்தார். தேர்தல் வேலையாகத் தெருத்தெருவாக நடந்ததில் குரல் கம்மியிருந்தது. அதே எண்கள், அதே பாட்டு. இந்த முறை வந்தது ஒரு பெண்குரல். தன் பெயர் இலக்கியா என்றது. திரௌபதி பழையபடியே சொன்னார்: வெளியில தெரியுது, வீட்டில தெரியல. அந்தப் பெண் சுவிட்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கப்பாவும் அப்படித்தான் மேடம். மொட்டை மாடியில வெயில்ல உக்காந்து பேப்பர் படிப்பாரு, கண்ணாடி வேணாம்பாரு. கீழ எறங்கி வந்தா கண்ணாடி எங்கன்னு வீட்டையே பொரட்டுவாரு. நீங்க அந்த டெஸ்ட் தாளை எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"உப்பளத்துல. நல்ல வெளிச்சத்துல பாக்கணும்னு போட்டிருந்துதாமே."

"உப்பளம்னா?"

"உப்பு வெளையுற எடம்மா. மத்தியானத்துல எங்க பாத்தாலும் வெள்ளையா இருக்கும். கண்ணைத் தொறக்க முடியாது, அப்படிக் கூசும்."

இலக்கியா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "அம்மா, அங்க உக்காந்து பாத்தா யாருக்கும் நல்லாத்தான் தெரியும். வெளிச்சம் ஜாஸ்தியானா கண்ணுக்குள்ள இருக்கிற பாப்பா ஊசித் துளையாட்டம் சுருங்கிக்கும். சுருங்கினா கிட்டத்துல இருக்கிறது தெளிவாயிடும். எங்களுக்கு ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க. அதனால உங்களுக்குக் கம்மி பவர் வந்துடுச்சு. வீட்டுக்குள்ள உக்காந்து பாத்திருக்கணும்மா."

திரௌபதி ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு எழுத்து மறந்துபோவலயா?"

"எழுத்தா? அது எதுக்கும்மா மறக்குது? இது கண்ணு. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான்."

திரௌபதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணிகண்டன் கணினியின் பக்கம் திரும்பி, அங்கே எதுவும் இல்லாத திரையை உற்றுப் பார்த்தான். "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று இலக்கியா கேட்டாள்.

அன்று மாலை வீட்டில் குழல்விளக்கின் அடியில், மணிகண்டன் அச்செடுத்துக் கொடுத்த தாளைப் பிடித்தார். மூன்றாம் வரியோடு நின்றுபோயிற்று. ஒரு பரீட்சையில் தோற்றதற்காக இவ்வளவு மகிழ்ந்தவர் அந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. சுப்ராயனிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதுக்கா ஒரு வருஷமா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருந்தே? நான்கூட என் மேலதான் கோவம்னு நெனச்சு சாராயத்தக் கொறச்சிட்டேன்" என்றார் அவர்.

மறுநாள் மூன்றாம் வரி என்ற செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் பேசியபோது வேறொருவர் எடுத்தார். "இலக்கியாகிட்ட குடுப்பா" என்றதற்கு, "ஆளைக் கேட்டு கனெக்ட் பண்ண முடியாது மேடம்" என்றார். ஆனால் இலக்கியா முதல்நாளே மேலதிகாரியிடம் கேட்டு, ஒரே ஒரு முறை மாற்றிக் கொடுக்க அனுமதி வாங்கிக் குறித்து வைத்திருந்தாள். பழையதை முதலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. திரௌபதி கண்ணாடியைப் பெட்டியில் வைத்து, தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது கையில் குறைந்த பவர் கண்ணாடியும் இல்லை.

தேர்தலில் ஜெயித்தார். தீபாவளி வந்தது, போயிற்று. தபால்காரர் தெருவில் நுழைந்தால் திரௌபதி வாசலுக்கு வந்துவிடுவார். "இன்னைக்கும் இல்லம்மா" என்று அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டுவார். கம்பெனியில் கேட்டால், அனுப்பியாகிவிட்டது, வழியில் இருக்கிறது என்றார்கள். அந்த வழி எத்தனை நீளம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பதவியேற்பு நாளன்று விடியற்காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. தாழ்ந்த கூரையுள்ள அந்த அறையில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அதிகாரி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். திரௌபதியின் முறை வந்தது. அதிகாரி தாளை நீட்டினார்.

"நான் சொல்றத அப்படியே சொல்லுங்கம்மா."

சன்னலுக்கு வெளியே சக்கரபாணி நின்றிருந்தார். "இல்ல சார், அவங்களே படிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. கேக்கத்தான் வந்திருக்கோம்."

திரௌபதி தாளைப் பார்த்தார். எறும்புகள். ஆனால் ஒரு வருடமாக இருந்த அந்தப் பயம் எழவில்லை. எழுத்து எங்கும் போய்விடவில்லை, வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறது என்பது அவருக்கு இப்போது தெரியும். சன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். மேகம் விலகி வெயில் இறங்கியிருந்தது. புது மன்றத்துக்காக அடித்த சுண்ணாம்பில் எதிர்ச்சுவர் கண்ணைப் பறித்தது.

"அய்யா, வெளியில நின்னு படிக்கலாமா? இங்க வெளிச்சம் பத்தலங்க. கண்ணாடி போஸ்டுல வந்துக்கினு இருக்குது."

அறையில் சிரிப்பு எழுந்தது. "வாசல் வரைக்கும் விட்டீங்கன்னா அப்படியே பஸ் ஏறிடும் சார்" என்றார் சக்கரபாணி. அதிகாரி சிறிது யோசித்தார். உள்ளே நின்றுதான் படிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லியிருப்பதாக அவருக்கு நினைவில்லை. எழுந்து அவரே முன்னால் நடந்தார். கூட்டமும் பின்னால் வந்தது.

திரௌபதி வெள்ளைச் சுவரை நோக்கி, உப்புக் குவியலைப் பார்த்து உட்காருவதுபோல் நின்றார். வெயில் சுவரில் பட்டுத் தாளின்மேல் விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரலை முதல் வரிக்கு அடியில் வைத்தார். எறும்புகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் அறிந்த குரல் ஒன்றுதான், அந்தக் குரலிலேயே படித்தார். கூட்டத்தில் நின்ற உப்பளத்துப் பெண்கள் பழக்கத்தினால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் ஒரு நீண்ட சொல்லில் விரல் நின்றது. உதவிக்கு அதிகாரி வாயைத் திறந்தார். திரௌபதி இடக்கையை உயர்த்தி அவரைத் தடுத்து, அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்துப் படித்துச் சேர்த்துவிட்டு மேலே போனார்.

"இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துது?" என்றார் சக்கரபாணி.

"நீதானே கேக்கணும்னு வந்தே, கேளு" என்றாள் அவர் மனைவி.

இரண்டாவது கண்ணாடி அந்த வாரக் கடைசியில் வந்து சேர்ந்தது. மாலையில் விளக்கைப் போட்டு, சுப்ராயனை எதிரில் உட்காரவைத்து, அன்றைய தாளின் ஒரு பக்கம் முழுவதையும் திரௌபதி படித்தார். பாதியில் அவர் தூங்கிப்போனதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, மீதியைத் தமக்காகப் படித்தார்.

பிறகு ஒரு நாள் மணிகண்டன் கடைக்குப் போய் அந்த எண்ணை அழுத்தச் சொன்னார். இலக்கியா கிடைக்கவில்லை. ஓர் இளைஞன் எடுத்தான்.

"சொல்லுங்க மேடம், என்ன கம்ப்ளெயின்ட்?"

"கம்ப்ளெயின்ட் இல்லப்பா. இலக்கியான்னு ஒரு பொண்ணு இருக்குது. அதுகிட்ட மரக்காணத்துலருந்து பேசினாங்கன்னு சொல்லு."

"சும்மா பேசினதா போட முடியாது மேடம். என்ன விஷயம்னு ஒண்ணு எழுதணும்."

"வீட்டுக்குள்ளயும் தெரியுதுன்னு எழுது."

அவன் தட்டெழுதுகிற ஓசை கேட்டது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லித் திரௌபதி தொலைபேசியை வைத்தார். அந்த எண்ணில் அவர் கடைசியாகப் பேசியது 2006 அக்டோபர் 30, திங்கட்கிழமை.